ஐயமும் அச்சமும்: கரிசல் நாட்டுக் கிறிஸ்தவத்தில் கேள்வியின் வரலாறு

கிறிஸ்தவ மறைநூல் ஐயத்தை ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. யாக்கோபின் நிருபம் சந்தேகப்படுகிறவனைக் காற்றடித்த பக்கமெல்லாம் அலையும் கடல் அலைக்கு ஒப்பிடுகிறது. யோபுவின் ஆகமமோ கேள்வி கேட்பவனையே நாயகனாக்குகிறது. குற்றமற்ற யோபு, தன் துன்பத்துக்குக் காரணம் என்ன என்று கடவுளையே வழக்குக்கு இழுக்கிறார். கடவுளுக்காகப் பரிந்து பேசிய நண்பர்கள் இறுதியில் கண்டிக்கப்படுகிறார்கள். வழக்காடிய யோபு ஏற்கப்படுகிறார். அநியாயத்தைக் கண்டும் கடவுள் வாளாவிருப்பது ஏன் என்று ஆபகூக் தீர்க்கதரிசி முறையிடுகிறார். உயிர்த்த இயேசுவின் காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற தோமா, கிறிஸ்தவ மரபின்படி சென்னை மயிலாப்பூரில் அடங்கியிருக்கும் அப்போஸ்தலர்.

அச்சத்துக்கும் இதே இரட்டை நிலை உண்டு. தேவபயம் ஞானத்தின் தொடக்கம் என்பது பழைய ஏற்பாட்டின் குரல். முழுமையான அன்பு அச்சத்தை வெளியேற்றும் என்பது யோவானின் நிருபம் தரும் விடை. இந்த இரு முனைகளுக்கும் இடையில்தான் எல்லா நாட்டுச் சபைகளும் தம் வரலாற்றை நடத்தியிருக்கின்றன. பாஞ்சாலங்குறிச்சியைச் சுற்றிய கரிசல் காட்டிலும், அது ஒருகாலத்தில் அடங்கியிருந்த பழைய திருநெல்வேலி மாவட்டத்திலும் இந்த வரலாறு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு நீளமுடையது.

அதைப் பகுத்துப் பார்க்கத் தமிழ் இலக்கணமே ஒரு கருவியைத் தருகிறது. நன்னூல் வினாவை ஆறாக வகுக்கிறது: விடை தெரிந்தவர் கேட்கும் அறிவினா, தெரியாதவர் கேட்கும் அறியா வினா, இதுவா அதுவா என்று தடுமாறும் ஐய வினா, ஒன்றைப் பெறுவதற்காகக் கேட்கும் கொளல் வினா, கொடுப்பதற்காகக் கேட்கும் கொடை வினா, கேள்வியின் வடிவில் ஒரு செயலை ஏவும் ஏவல் வினா. கரிசல் நாட்டுக் கிறிஸ்தவத்தில் இவற்றுள் பெரும்பாலானவை ஒலித்திருக்கின்றன.

அறிந்தவர் கேட்ட கேள்வி

முத்துக்குளித்துறையில் பரதவர் 1530களில் கத்தோலிக்கத்தைத் தழுவினர். பிரான்சிஸ் சவேரியார் 1542இல் அங்கு வந்தார். அவருக்குப் பின் வந்த இயேசு சபைத் துறவி என்றீக்கே என்றீக்கசு தமிழில் அச்சிட்ட முதல் நூல்களில் ஒன்று, 1579இல் கொச்சியில் வெளியான ‘கிரீசித்தியானி வணக்கம்’. அது வினா விடை வடிவிலான மறைக்கல்வி நூல். கேட்பவருக்கு விடை முன்பே தெரியும். சொல்பவர் அதை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். பின்னாளில் ‘ஞானோபதேசம்’ என்று வழங்கிய கல்வி முறை முழுவதும் இந்த அறிவினாவின் மேல் நின்றது. படிப்பறிவு பரவாத காலத்தில் நம்பிக்கையைத் தலைமுறைக்குத் தலைமுறை கைமாற்ற அது உதவியது. ஆனால் மாணவன் தன் சொந்தக் கேள்வியை எழுப்புவதற்கான இடம் அந்த வடிவத்தில் இல்லை.

தரங்கம்பாடியில் 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு வேறொரு முறையைக் கையாண்டார். 1712 முதல் 1714 வரை அவரும் உடன் பணியாளர் கிருண்ட்லரும் தமிழ் அறிஞர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, விடைக் கடிதங்களைத் திரட்டி ஜெர்மன் மொழியில் பெயர்த்தனர். கிறிஸ்தவத்தைத் தமிழர் ஏற்காதது ஏன் என்பதும் அக்கேள்விகளில் ஒன்று. விடை எழுதியவர்கள் கோட்பாட்டைவிட நடத்தையையே சுட்டினர்: மாட்டிறைச்சி, குடி, தூய்மையின்மை. கிறிஸ்தவர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அந்தக் கடிதங்கள் வழியே ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

வளனின் ஐயம், தேவசகாயத்தின் துயரம்

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டி, இயேசு சபையின் மதுரை மிஷனுக்கு உட்பட்ட பழைய கத்தோலிக்க ஊர். பரலோக மாதா கோயிலும் ஆகஸ்டு 15 திருவிழாவும் அந்த ஊரின் அடையாளம். இத்தாலியில் 1680இல் பிறந்து தமிழகம் வந்த வீரமாமுனிவர் தொடக்கத்தில் பணியாற்றிய ஊர்களில் இதுவும் ஒன்று. பின்னர் அவர் இயற்றிய தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் கொண்ட காப்பியம். அதன் தலைவன் இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசை. காப்பியம் அவருக்கு வளன் என்று பெயர் சூட்டுகிறது.

மத்தேயு நற்செய்தியில் சூசையின் ஐயம் சில வரிகளில் முடிந்துவிடும். தனக்கு மணம் பேசிய மரியாள் கருவுற்றிருப்பதை அறிந்து, அவளை அவமானப்படுத்தாமல் விலக்கிவிட நினைக்கிறார். கனவில் தேவதூதர் தெளிவிக்கிறார். வீரமாமுனிவர் இந்தச் சில வரிகளை ‘ஐயந்தோற்று படலம்’, ‘ஐயநீங்கு படலம்’ என இரு படலங்களாக விரித்தார். காப்பியத் தலைவனின் பெருமைக்கு இழுக்கு என்று கருதி அந்த மனத்தடுமாற்றத்தை அவர் ஒதுக்கவில்லை. சான்றோனான வளனுக்கு ஐயம் பிறக்கிறது, அது அவனை வதைக்கிறது, பிறகு நீங்குகிறது. கண்ட காட்சியும் மரியாள் மேல் வைத்த மதிப்பும் ஒன்றோடொன்று பொருந்தாதபோது பிறக்கும் ஐய வினா அது. தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தில் ஐயம் நம்பிக்கையின் பகையாக அல்லாமல் அதன் ஒரு கட்டமாக இடம்பெற்ற முதற்பெரும் சான்று இந்த இரு படலங்கள்.

அதே நூற்றாண்டில் யோபுவின் கதை ஒரு தமிழரின் வாழ்வைத் திருப்பியது. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை திருவிதாங்கூர் அரசுப் பணியாளர். கால்நடைகளும் விளைச்சலும் அழிந்து மனம் உடைந்திருந்த அவருக்கு, 1741 குளச்சல் போரில் டச்சுப் படையிலிருந்து சிறைப்பட்டுப் பின் அரசரின் படைத்தளபதியான டிலனாய் யோபுவின் வரலாற்றைச் சொன்னார் என்பது மரபு. துன்பம் பாவத்தின் கூலி என்ற கணக்கை அந்தக் கதை உடைத்தது. 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது. எனக்கு ஏன் இது நேர்ந்தது என்ற அறியா வினாவுக்கு யோபுவின் கதையும் நேரடி விடை தருவதில்லை. கேட்பது குற்றமன்று என்பதை மட்டும் உறுதிப்படுத்துகிறது.

பேயச்சம்

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கும்பினிப் படை தாக்கிக் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட 1799ஆம் ஆண்டில்தான், மாவட்டத்தின் தெற்கே முதலூர் என்ற முதல் சீர்திருத்தக் கிறிஸ்தவக் குடியிருப்பு உருவானது. அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றனர். கும்பினியின் வெற்றியும் சபையின் வளர்ச்சியும் ஒரே காலத்தில் நிகழ்ந்ததால், புதிய மார்க்கம் வெள்ளைக்காரன் வேதம் என்று பேசப்பட்டது. அதைத் தழுவியவர்கள் இருபக்க அச்சத்தோடு வாழ்ந்தார்கள்: பழைய தெய்வம் தண்டித்துவிடுமோ, ஊரார் ஒதுக்கிவிடுவார்களோ.

இடையன்குடியில் 1841 முதல் பணியாற்றிய ராபர்ட் கால்டுவெல், 1849இல் எழுதிய திருநெல்வேலிச் சாணார் (நாடார்) பற்றிய ஆங்கில நூலில், இம்மக்களின் சமயம் பேயச்சத்தின் மேல் எழுந்தது என்று வாதிட்டார். பின்னாளில் அந்நூலே அவருக்கு எதிரான சினத்தைத் தூண்டியது. பேயச்சம் கிறிஸ்தவர்களிடையேயும் நீடித்ததைத் தமிழ்க் கிறிஸ்தவர்களும் அறிந்திருந்தனர். திருநெல்வேலியில் 1774இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார், சகுனம், நாள்கோள் முதலிய பழைய நம்பிக்கைகளைக் கிறிஸ்தவர்கள் விடாமல் வைத்திருப்பதைச் ‘சாஸ்திரக்கும்மி’யில் எள்ளி நகையாடினார்.

கத்தோலிக்கப் பக்கத்தில் அச்சம் வேறொரு வழியைக் கண்டது. ஓட்டப்பிடாரம் வட்டாரத்துப் புளியம்பட்டி அந்தோணியார் திருத்தலத்துக்குப் பேய் பிடித்தவர்கள் என்று கருதப்படுபவர்களைச் சாதி சமய வேறுபாடின்றி அழைத்து வருகிறார்கள். செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்குரிய நாள். நாள்கணக்கில் தங்குகிறார்கள்; சிலர் தலைவிரித்து ஆடுகிறார்கள். பிரெஞ்சு மானிடவியலாளர் பிரிஜித் செபாஸ்தியா 2007இல் இத்தலத்தைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். பேயை மறுக்காமல், அதைவிடப் பெரிய ஆற்றலிடம் ஒப்படைப்பது இங்குள்ள வழக்கம். வீட்டில் வாய் திறக்க முடியாதவர்கள், குறிப்பாகப் பெண்கள், பேயின் பெயரால் பேசும் இடமாகவும் இத்தகைய தலங்களை மானிடவியலாளர்கள் விளக்குகின்றனர்.

இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 அன்று, தர்காவை ஒட்டிய தனியார் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தனர். அதன் பிறகு எல்லாச் சமயத் தலங்களையும் நோக்கி ஒரே கேள்வி எழுந்தது: இது பேயா, நோயா? இருட்டில் நிற்பது கட்டையா ஆளா என்று கேட்கும் ஐய வினாவின் வடிவமே இதற்கும் உண்டு. பிழையாக விடை சொன்னால் பலியாவது ஓர் உயிர்.

தாது வருஷத்தின் கேள்வி

கரிசல் மண் வானத்தை நம்பியது. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் பருத்தியும் கம்பும் இல்லை. மழை வேண்டிக் கொடும்பாவி இழுப்பதும் மழைக்கஞ்சி காய்ச்சுவதும் ஊர் வழக்கம். கிறிஸ்தவச் சபைகளில் மழைக்கான ஜெபம். வேண்டியும் மழை வராவிட்டால் என்ன பொருள் என்ற கேள்வி எல்லாருக்கும் பொதுவானது.

தாது வருஷப் பஞ்சம் என்று நினைவுகூரப்படும் 1876–78 பெரும் பஞ்சத்தின் முடிவில், திருநெல்வேலியில் எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷனரிச் சங்கத்தின் சபைகளில் பல்லாயிரம் பேர் புதிதாகச் சேர்ந்தனர். கரிசல் பகுதியில் நாகலாபுரமும் புதியம்புத்தூரும் அச்சங்கத்தின் நிலையங்கள். வந்தவர்கள் தேடியது கஞ்சியையா, கடவுளையா என்ற சர்ச்சை இங்கிலாந்து வரை நடந்தது. ‘அரிசிக் கிறிஸ்தவர்’ என்ற ஏளனமும் பரவியது. சேர்ந்தவர்களில் ஒரு பகுதியினர் பின்னர் விலகினர். மற்றவர்களின் பிள்ளைகள் பள்ளி சென்று நிலைத்த சபையினர் ஆயினர்.

நன்னூலார் கொளல் வினாவைக் குறைந்த வினாவாகக் கருதவில்லை; ஆறில் ஒன்றாக வைத்தார். பஞ்ச காலத்தில் யார் சோறு போடுகிறார்கள் என்று கேட்பது, யாரை நம்பலாம் என்று கேட்பதும்தான். உடலின் தேவையையும் ஆன்மாவின் தேடலையும் தனித்தனித் தராசில் நிறுக்கும் வழக்கம் ஐரோப்பியச் சபையினருடையது. மழைக்கும் நோய்க்கும் மகப்பேற்றுக்கும் தெய்வத்தை அழைத்துப் பழகிய மக்களுக்கு இரண்டும் ஒரே தட்டில் இருந்தன.

அதிகாரத்தை நோக்கிய கேள்விகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஐயம் பெரும்பாலும் மறைநூலின் உண்மையையும் கடவுளின் இருப்பையும் நோக்கியது. டார்வினின் நூல் 1859இல் வந்தது. தென்னாப்பிரிக்காவில் நேட்டால் பேராயர் கொலென்சோ, ஜலப்பிரளயக் கதை உண்மையாக நடந்ததா என்று தம் சூலு உதவியாளர் கேட்ட கேள்வியால் உலுக்கப்பட்டு, 1862 முதல் மோசேயின் நூல்களை ஆராய்ந்து எழுதி, பதவி நீக்கத் தீர்ப்புக்கு ஆளானார். திருநெல்வேலியில் ஐயம் வேறு திசையில் பாய்ந்தது. கடவுளின் பெயரால் பேச யாருக்கு உரிமை என்பதே இங்குக் கேட்கப்பட்டது.

முதலில் அதைக் கேட்டவர் ஒரு மிஷனரியே. பாளையங்கோட்டையில் 1820 முதல் உழைத்த ஜெர்மானியர் ரேனியஸ், உபதேசியார்களைக் குருக்களாக ஏற்படுத்த ஆங்கிலிக்கன் பேராயரின் கை தேவையில்லை என்று கருதினார். அச்சபையின் ஒழுங்குகளையும் விமர்சித்து எழுதினார். அவரை அனுப்பிய சி.எம்.எஸ். மிஷனரிச் சங்கம் 1835இல் அவரை விலக்கியது. உபதேசியார் பலர் அவர் பின்னே சென்றனர். 1838இல் அவர் இறந்த பிறகே பிளவு ஆறியது.

அடுத்த கேள்வி தமிழரிடமிருந்து வந்தது. சாயர்புரத்தில் பயின்ற அருமைநாயகம் சட்டாம்பிள்ளை, நாசரேத் மிஷனரியோடு மோதிப் பதவி இழந்தார். தம் சாதியாரான சாணாரைப் பற்றிக் கால்டுவெல் எழுதியதும் அவரைக் கொதிக்கச் செய்தது. 1857இல் ‘இந்துச் சபை’ என்ற தனிச் சபையை நிறுவினார். ஞாயிற்றுக்குப் பதில் சனிக்கிழமை ஓய்வுநாள், தரையில் விழுந்து வணங்குதல், தூபம். இவை எல்லாம் பழைய ஏற்பாட்டில் உள்ளவை, ஐரோப்பியர்தாம் அவற்றைக் கைவிட்டனர் என்பது அவர் வாதம். கொலென்சோ மறைநூலைக் கேள்விக்கு உட்படுத்தினார். சட்டாம்பிள்ளை மறைநூலைக் கையில் எடுத்துக்கொண்டு மிஷனரியைக் கேள்விக்கு உட்படுத்தினார்.

கோவில்பட்டிக்கு அருகே கழுகுமலையில் கேள்வி தெருவுக்கு வந்தது. தேரோடும் வீதிகளில் ஊர்வலம் செல்லும் உரிமை மறுக்கப்பட்ட நாடார்களில் ஒரு பகுதியினர் கத்தோலிக்கராயினர். தேர்வீதியிலேயே சிற்றாலயம் அமைத்தனர். கோயில் நிர்வாகம் எட்டயபுரம் ஜமீனிடம் இருந்தது. 1895 தேரோட்டத்தின்போது மூண்ட கலவரத்தில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. இந்த மதமாற்றம் நம்பிக்கையா, உரிமைப் போராட்டமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கின்றனர்.

மதம் மாறியும் சாதி மாறாதபோது அதே கேள்வி ஆலயத்துக்குள் நுழைந்தது. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்தில், 1872இல் தொடங்கிய புதிய ஆலயம் ஒரே பீடத்தின் முன் இரண்டு கூடங்களாக, கால்சட்டை வடிவில் கட்டப்பட்டது. நாடாரும் வேளாளரும் தனித்தனிக் கூடத்தில் நிற்க, நடுவே சுவர். 1910இல் அருட்பணியாளர் கௌசானல் காலத்தில் அச்சுவர் இடிக்கப்பட்டது. வழக்கு நீதிமன்றம் சென்றது. ஒரே கடவுளின் பிள்ளைகளுக்கு நடுவே சுவர் எதற்கு என்பது விடை தேடும் கேள்வி போலத் தோன்றினாலும், உள்ளே இருப்பது கட்டளை: சுவரை இடி. அது ஏவல் வினா.

வெளியிலிருந்து வந்த மறுப்பு

யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவிய ஆறுமுக நாவலர், 1854இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ எழுதினார். சைவச் சடங்குகளைப் பழிக்கும் மிஷனரிகளின் சொந்த வேதத்திலேயே பலியும் தூபமும் ஆலய வழிபாடும் நிறைந்திருப்பதை அந்நூல் எடுத்துக்காட்டியது. மூன்றாண்டு கழித்துச் சட்டாம்பிள்ளை அதே பழைய ஏற்பாட்டை ஆதாரமாக்கினார். நாவலர் அதைக் கொண்டு கிறிஸ்தவத்தை மறுத்தார். சட்டாம்பிள்ளை கிறிஸ்தவத்துக்குள்ளேயே நின்று ஐரோப்பிய வழக்கத்தை மறுத்தார்.

கடவுளின் இருப்பையே மறுத்த குரலும் தமிழில் பழையது. சென்னை இலௌகிக சங்கத்தார் 1882 முதல் 1888 வரை நடத்திய ‘தத்துவ விவேசினி’ இதழ், ஐரோப்பிய நாத்திகர்களின் வாதங்களைத் தமிழாக்கி இந்து சமயத்தையும் கிறிஸ்தவத்தையும் சேர்த்தே விசாரித்தது. இருபதாம் நூற்றாண்டில் பெரியாரின் சுயமரியாதை இயக்கம் அந்த விசாரணையைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தது. தான் கிறிஸ்தவனாக இல்லாததற்குக் காரணங்களை அடுக்கிய பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் 1927 உரையும் தமிழில் வாசிக்கப்பட்டது. சமயத்தின் அடித்தளம் அச்சமே என்பது அதில் அவர் முன்வைத்த வாதங்களில் ஒன்று. கால்டுவெல் பேய் வழிபாட்டின் மேல் வைத்த குற்றச்சாட்டை ரஸ்ஸல் கிறிஸ்தவத்தின் மேலேயே வைத்தார்.

சபைக்குள் திரும்பிய கேள்வி

இக்கேள்விகளை உள்வாங்கிய கிறிஸ்தவ மரபும் உண்டு. கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தபோது கிறிஸ்தவத்தை எதிர்த்தவர். நீண்ட தடுமாற்றத்துக்குப் பின் 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். ஜான் பனியனின் ஆங்கில உருவகக் கதையைத் தழுவி அவர் இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் நூலானது. கதைத் தலைவன் பெயர் ஆத்தும விசாரி. விசாரம் என்ற சொல்லுக்குத் தமிழில் ஆராய்ச்சி, கவலை என இரு பொருளும் உண்டு. கேள்வியும் அச்சமும் ஒரே மனத்தில் குடியிருப்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

தாம்பரத்தில் 1938இல் உலக மிஷனரி மாநாடு கூடியபோது, வெங்கல் சக்கரை, செஞ்சையா முதலியோர் கிறிஸ்தவத்தை இந்தியாவில் மறுசிந்தனை செய்யும் ஆங்கில நூலை வெளியிட்டனர். இயேசுவை ஏற்பவர்கள் மேற்கத்திய சபை அமைப்பையும் ஏற்கத்தான் வேண்டுமா என்று கேட்டனர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல், நாத்திகம் தோன்றுவதில் விசுவாசிகளின் குறைகளுக்கும் பங்குண்டு என்று ஒப்புக்கொண்டது. மதுரை அரசரடியில் 1969இல் தோன்றிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சேரியிலிருந்தும் வயலிலிருந்தும் எழும் கேள்விகளை இறையியலின் தொடக்கமாகக் கொண்டது. அங்குப் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற இசையில் அவற்றைப் பாடல்களாக்கினார்.

2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை, கிறிஸ்துமஸ் கொண்டாட வேளாங்கண்ணி வந்திருந்த பயணிகள் நூற்றுக்கணக்கில் சுனாமிக்குப் பலியானார்கள். 1755 நவம்பர் 1 அன்று, அனைத்துப் புனிதர் திருநாளில், லிஸ்பன் ஆலயங்கள் நிலநடுக்கத்தில் இடிந்தபோது, கடவுள் இதை ஏன் அனுமதித்தார் என்று ஐரோப்பா கேட்ட கேள்வியை அன்று தமிழகம் கேட்டது. 2007இல் வெளியான அன்னை தெரசாவின் கடிதங்கள், கடவுள் தம்மோடு இல்லை என்ற வெறுமையை அவர் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் சுமந்ததைக் காட்டின. ஒன்பது ஆண்டுக்குப் பின் திருச்சபை அவரைப் புனிதராக்கியது. ஐயத்தை அது தகுதிக் குறைவாகக் கொள்ளவில்லை.

மொழியிலும் இந்த அசைவு பதிந்திருக்கிறது. சீர்திருத்தச் சபைகளின் பழைய விவிலியம் ‘விசுவாசம்’ என்றே சொல்கிறது. கத்தோலிக்கரும் பிற சபையினரும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளியான திருவிவிலியம் ‘நம்பிக்கை’ என்கிறது. விசுவாசம் சபைக்குள் வழங்கும் சொல். நம்பிக்கையோ விதைக்கிறவனும் கடன் கொடுக்கிறவனும் நாள்தோறும் புழங்கும் சொல். வானம் பார்த்த கரிசலில் அது ஐயமில்லாமல் தனித்து இருந்ததே இல்லை. அறிவினாவோடு தொடங்கிய மறைக்கல்வி ஐய வினாவுக்கும் ஏவல் வினாவுக்கும் செவி கொடுக்க நானூறு ஆண்டுகள் ஆயின. புளியம்பட்டியில் செவ்வாய்தோறும் அச்சம் வந்து நிற்கிறது. கழுகுமலையும் வடக்கன்குளமும் எழுப்பிய கேள்வி, சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் உள்ள ஊர்களில் இன்னும் விடைக்குக் காத்திருக்கிறது.